துவர்ப்போ

டொங்காட் கடைத்தெருவில்
டயர் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவே
ஸங்கெட்டா குடும்பத்தின் ஜெலாட்டோ கடை.
அப்பா சில்வானோ இயந்திரத்தோடு பேசுவார்,
மகன் ரென்ஸோ மின்வெட்டு அட்டவணையோடு.
கல்லாவும் கரண்டியும் ஓர்நெல்லாவிடம்.

சுவரில் எழுதியிருக்கிறது:
இங்கே விளைந்தது மட்டும்.
பால் ஹோவிக்கிலிருந்து.
சர்க்கரை, தெரு திரும்பினால் தெரிகிற ஆலையிலிருந்து.
மாம்பழமும் லிச்சியும்
என் பக்கியின் பின்பக்கத்திலிருந்து.
இந்த ஊரில் யாரையும் பக்கி என்று திட்ட முடியாது,
அது பிக்கப் வண்டியின் பெயர்.

பிப்ரவரியில் ஒருநாள் அவள் சொன்னாள்:
எல்லாம் இனிக்கிறது,
நாக்குக்கு வேலையே இல்லை.

மறுநாள் ஒரு வாளி நாவல்பழம் கொண்டுபோனேன்.
கடித்தாள்.
உள்ளே யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டதுபோல்
வாய் மூடிக்கொண்டது.
இதற்குப் பேர் என்ன, பழத்துக்கு இல்லை, இந்தப் பிடிப்புக்கு?
இங்கிலீஷில் தேடினேன், கையில் ஒன்றும் அகப்படவில்லை.
துவர்ப்பு என்றேன்.
துவர்ப்போ, என்றாள்.
மெய்யில் முடிந்தாலும் உகரத்தில் முடிந்தாலும்
அவர்களுக்குச் சொல் முடிந்ததாகாது.

முதல் முறை பால் சேர்த்தார்கள்:
அஸ்தி கரைத்த நிறம், சில்வானோ சிலுவை போட்டுக்கொண்டார்.
இரண்டாவது முறை சர்க்கரை தூக்கலாகி
பழம் ஊமையானது.
பால் வேண்டாம், ஒரு சிட்டிகை உப்பு, என்றேன்.
பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் தின்போம்.

அதற்குப் பிறகு மூன்று மணிக்கு மணியடித்தால்
நடைபாதை முழுக்க
ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டும் சீருடைகள்.

மஞ்சள் மேலாடை போட்ட முனிசிபாலிட்டிப் பையன் வந்தான்.
என் வேலியோரத்து மரத்தில்
சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி.
அந்நியத் தாவரம், அம்மா. பட்டியலில் இருக்கிறது.
கப்பலில் வந்தது.
எந்தக் கப்பல் என்று கேட்டேன்.
பட்டியலில் அது இல்லை.

அவன் சொன்னது பொய்யில்லை.
பறவை எச்சமிட்ட இடமெல்லாம் என் மரம் முளைத்து
ஓடைக்கரையை மூடுவதை
நானே பார்த்திருக்கிறேன்.
சில்வானோவின் அப்பாகூடக் கப்பலில்தான் வந்தார்,
போர்க் கைதியாக, எண் குத்திய சட்டையோடு.
அந்தச் சட்டையை இந்தக் கடைக்குள் யாரும் பேசுவதில்லை.
நானும் பேசவில்லை.

கரண்டி கழுவிக்கொண்டிருந்த நொன்டோபேகோ
திரும்பாமலே சொன்னாள்:
எங்கள் ஆற்றோரம் இதே மாதிரி ஒன்று நிற்கிறது.
உம்டோனி.
அதை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை.

டப்பா மூடியில் ஏந்திக்கொண்டு வந்தாள்.
சற்று வெளிறிய ஊதா, புளிப்பு முந்திக்கொண்டு வருகிறது,
கடைசியில், மெதுவாக,
அதே திரைச்சீலை.
இலையைக் கசக்கி முகர்ந்தேன்.
இது என்ன உறவு என்று ஓர்நெல்லா கேட்டாள்.
பங்காளி, என்றேன்.
ஒரு குடும்பம், இரண்டு வாசல், பேச்சுவார்த்தை கிடையாது.

வியாழக்கிழமை மரத்தை வெட்டினார்கள்.
பூபாலன் வெளியே வரவில்லை,
டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
அடிக்கட்டையில் நீல மருந்து பூசிவிட்டுப்
போகும்போது தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன்.

கடையின் குளிர்பெட்டியில் பதினொரு கிலோ கூழ்.
மின்வெட்டு வந்தால்
ரென்ஸோ ஜெனரேட்டர் வயரை முதலில் அதற்குத்தான் இழுக்கிறான்,
மாம்பழம் காத்திருக்கட்டும் என்று.
பாதி அதுவும் பாதி உம்டோனியுமாய்க் கலக்கிறாள் இப்போது.
என் பாதி ஏப்ரலுக்கு மேல் தாங்காது.

நேற்று டர்பனிலிருந்து ஒரு பெண்,
கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு
சீட்டைப் படித்தாள்:
து-வர்ப்-போ.
அழகான பேர். இத்தாலியில் எந்தப் பக்கம் இது?

கரண்டியை நிறுத்தாமல்
தெற்கு, என்றாள் ஓர்நெல்லா.
ரொம்பத் தெற்கு.